கடைமடைக்கு ஒரு நாற்காலி

நொய்யலைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசினால் வெள்ளியங்கிரி மலை வரும், பேரூர்ப் படித்துறை வரும், காஞ்சிமாநதி என்ற பழைய பெயர் வரும். திருப்பூர்க்காரர்கள் பேசினால் சாயப்பட்டறை வரும், கோர்ட்டு வழக்கு வரும். நான் இருப்பது இந்த இரண்டு ஊர்களுக்கும் கீழே. கரூர் மாவட்டம், க.பரமத்தி பக்கம், ஆத்துப்பாளையம் அணையின் வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மேலே இருக்கும் இரண்டு மாநகரங்களும் ஆற்றில் எதை விட்டாலும் அது கடைசியில் வந்து சேருவது எங்கள் பக்கம்தான்.

நொய்யலை மீட்பது பற்றி அவ்வப்போது கூட்டம் நடக்கிறது. மேடையில் அதிகாரிகள் இருப்பார்கள், தொழில்துறையினர் இருப்பார்கள், தன்னார்வ அமைப்பினர் இருப்பார்கள். எல்லோரும் இருக்க வேண்டியவர்கள்தான். கடைமடை விவசாயி மட்டும் மேடைக்குக் கீழே, மனுவோடு நிற்பார். அவருக்கும் மேடையில் ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மரியாதைக்காகக் கேட்கவில்லை. வாய்க்கால் பாசனத்தில் பழகிய யாருக்கும் தெரியும், தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத் தலைமதகில் போய் நிற்க மாட்டார்கள். கடைமடைக்கு வந்து பார்ப்பார்கள். ஆறு மீண்டதா இல்லையா என்பதையும் இங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் இது வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, கொள்ளு, வரப்போரம் முருங்கை. கிணற்றுத் தண்ணீர் இருந்தவர்கள் கொஞ்சம் கடலையும் மிளகாயும் வைப்பார்கள். 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. அதையொட்டி எங்கள் பக்கம் ஆத்துப்பாளையம் அணையும் வாய்க்காலும் வந்தன. மாமனார் வாய்க்கால் மேட்டில் நின்றபடி, இனி நம்ம காட்டில் நெல் நடலாம் என்று சொன்னது நினைவிருக்கிறது. சில ஆண்டுகள் நட்டோம். அறுத்தோம். மணல் பாங்கான எங்கள் காட்டில் நெற்கதிர் தலைசாய்ந்து நின்றதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

பிறகு வாய்க்காலில் வந்த தண்ணீர் வேறாக இருந்தது. முதலில் கண்டுகொண்டது மாடு. தொட்டிக்குப் போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. "மாடு வாய் வைக்காத தண்ணிய நாம எப்படிக் குடிக்கறது, அம்மணி?" என்றார் அத்தை. பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. வயலில் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் வெள்ளை பூத்தது. தென்னையில் குரும்பை நிற்காமல் உதிர்ந்தது. கிணற்றில் ஊறிய உப்பு ஒரு மழையில் போகவில்லை, பத்து மழையிலும் போகவில்லை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. கட்டிய சில ஆண்டுகளிலேயே அது திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கும் இடமாகி, சுற்றியிருந்த கிணறுகளையும் கெடுத்தது.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலரும் வண்ணத்தைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்கச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ போடுவார்கள். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேல் போகும். வேலை முடிந்ததும் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, முழுதும் கழிவுநீரில் வந்துவிடும். ஆரம்பத்தில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, நாற்றத்தைக் குறைத்தன, உப்பைத் தொடவில்லை. பார்க்கத் தெளிந்த தண்ணீர், அளந்தால் விஷம். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு விதி சொன்னது. அந்த விதியும் சட்டமும் இருந்த காலத்தில்தான் எங்கள் தென்னை பட்டுப்போனது.

எங்கள் பக்கத்து விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து 1996-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் மறுபடியும் வழக்குப் போட்டது. வழக்குக்குப் போனவர்கள் பணக்காரர்கள் இல்லை. ஆட்டை விற்று வக்கீல் பீஸ் கட்டியவர்கள் உண்டு. பெண்கள் நாங்கள் செய்தது இன்னொரு வேலை: தண்ணீர் எடுத்து வைத்தோம். குளிர்பான பாட்டிலைக் கழுவி, வாய்க்கால் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் என்று தனித்தனியாகப் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, அடுக்களைப் பரணில் வைத்தோம். ஆய்வுக்கு வந்த வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் உப்பு அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றை எங்களிடம் விட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் அந்த நோட்டை நீட்டியபோது, "இதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா, நாங்க எடுத்த சாம்பிள்தான் கணக்கு" என்றார்கள். அவர்கள் எடுத்த சாம்பிளோ வெள்ளம் வடிந்த மறுநாள் எடுத்தது. நாங்கள் கேட்பதெல்லாம் அந்த சாம்பிள் பாட்டிலை முக்கும்போது எங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான். கோரிக்கையின் முதல் வரியே அது.

இழப்பீட்டு ஆணையம் 2002 முதல் 2004 வரையான பாதிப்பைக் கணக்கிட்டு, 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. பெரிய தொகையாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 9,000 ரூபாய்கூட இல்லை. உப்பேறிய கிணற்றை விட்டு இன்னொரு போர் போட அது காணாது. ஆனாலும் அந்தத் தீர்மானத்தில் எனக்கு மதிப்பு உண்டு. கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்பதும், பாதிக்கப்பட்டவருக்குப் பெயரும் பட்டா எண்ணும் உண்டு என்பதும் அதில் காகிதத்தில் ஏறின.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. கழிவு வெளியே வரவே கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் தொகை கட்ட வேண்டும் என்றது. சாயப்பட்டறைகள் உச்ச நீதிமன்றம் போயின. 2009 அக்டோபரில் அங்கேயும் மூன்று மாத அவகாசம்தான் கிடைத்தது. அதுவும் கடந்து போனது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அந்த நாட்களை எங்கள் ஊரில் கொண்டாடினார்கள் என்று வெளியில் நினைப்பார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். என் நாத்தனார் மகன் சாயப்பட்டறையில் இருந்தான். மூட்டை முடிச்சோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். ஒரே வீட்டில் அப்பா வழக்குப் போட்டவர், மகன் வேலை போனவன். ஊருக்குள் அப்படிப் பல வீடுகள். பட்டறைகள் மூடியே கிடக்க வேண்டும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. உப்பைத் தண்ணீரில் விடாதீர்கள் என்று மட்டும் கேட்டோம்.

அதற்குப் பின் நடந்ததுதான் இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புக் கரைசலைப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நடக்காது, நடந்தால் தொழில் அழியும் என்று சொல்லப்பட்ட காரியம் நடந்தது. திருப்பூரின் ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் பல பட்டறைக்காரர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் கம்பெனி. நிலையத்தில் கோளாறு என்றால் அத்தனை பேர் வேலையும் நிற்கும். அதனால் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டிய கட்டாயம். நல்ல மனது மட்டும் போதாது என்றும், பொதுவில் பங்கும் பொறுப்பும் சேர்ந்தால்தான் காரியம் நிற்கும் என்றும் அந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அரசுப் பணம், நீதிமன்றத்தின் கண்டிப்பு, தொழில்காரர்களின் கூட்டுப் பங்கு மூன்றும் இருந்தன. விடாமல் வழக்கை நடத்திய கீழ்ப்பகுதி விவசாயிகள் இல்லாவிட்டால் அந்த மூன்றில் ஒன்றுகூட அசைந்திருக்காது. நிலையங்கள் ஓடத் தொடங்கியதும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பங்கு இல்லாத ஒரே தரப்பு நாங்கள்தான்.

இன்றைக்கு ஆறு என்ன நிலையில் இருக்கிறது? சாயத்தின் உப்பு குறைந்திருக்கிறது, என் நோட்டே சொல்கிறது. ராத்திரியில் திறந்துவிடும் திருட்டுப் பட்டறைகள் ஒழிந்தபாடில்லை, மழை பெய்யும் இரவுகளில் அது அதிகம். சுத்திகரிப்பு நிலையங்களின் வளாகத்தில் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதற்கு இன்னும் முழு வழி பிறக்கவில்லை. ஆனால் இப்போது ஆற்றில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடை. கோவையில் உக்கடத்தில் நாளுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் உண்டு. பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களும், பெருகி நிற்கும் ஊராட்சிகளும் அதற்கு வெளியே இருக்கின்றன. பட்டறைக்குப் பூட்டுப் போடலாம். வீட்டுக் குளியலறைக்கு யார் பூட்டுப் போடுவது? வழக்குப் போட எதிராளி இல்லாத கழிவு இது. எதிராளி இல்லாததாலேயே இதற்குக் கூட்டு முயற்சி தவிர வேறு மருந்தில்லை.

மேலே நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவையில் சிறுதுளி அமைப்பு 2003-லிருந்து குளங்களைத் தூர்வாரிக் கொடுத்திருக்கிறது. குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு இறங்குகிறார்கள். நொய்யலின் கிளையான கௌசிகா நதியைத் தேடிப்பிடித்து உயிர்ப்பிக்கப் பாடுபடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் கடன்பட்டவள். அங்கே ஒரு குளம் நிறைந்தால் இங்கே ஒரு கிணறு நாலு நாள் பின்னாலாவது ஊறும். ஆனால் அரசு குளத்தைச் சீரமைப்பது என்றதும் நடைபாதை, விளக்கு, கைப்பிடிக் கம்பி என்று போய்விடுகிறது. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அழகாகியிருக்கின்றன. மாலையில் குடும்பத்தோடு நடக்கிறார்கள், அதில் தவறில்லை. குளத்துக்குள் வரும் சாக்கடையை நிறுத்திவிட்டுக் கரைக்கு விளக்குப் போட்டிருக்க வேண்டும், வரிசை மாறிப்போனது. குளத்தில் பாசனம் செய்யும் ஒருவர் அந்தத் திட்டக்குழுவில் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ராஜஸ்தான் அல்வர் மாவட்டத்து ஆர்வரி ஆற்றைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1985 முதல் ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கமும் ஊர்மக்களோடு சேர்ந்து ஜோகட் எனப்படும் மண்கரைக் குட்டைகளை மலைச்சரிவெங்கும் கட்டினார்கள். பத்தாண்டில் வறண்ட ஆறு ஆண்டு முழுதும் ஓடியது. ஆற்றில் மீன் வந்தது. மீன் வந்ததும் அரசு மீன்பிடி உரிமையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது! ஊர்கள் எதிர்த்தன, ஒப்பந்தம் போனது. அந்த மோதலுக்குப் பிறகுதான் 1999-ல் 70-க்கும் மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்து ஆர்வரி நாடாளுமன்றம் அமைத்தன. யார் எவ்வளவு இறைக்கலாம், எந்தப் பயிர் வைக்கலாம் என்று அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே மாநகரமும் இல்லை, ஏற்றுமதித் தொழிலும் இல்லை, எங்கள் சிக்கல் வேறு என்று தெரியும். ஆற்றை உயிர்ப்பிக்க மக்கள் வேண்டும், உயிர்த்த பிறகு முடிவெடுக்க மக்கள் வேண்டாம் என்ற போக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்து வெள்ளகோவில் பகுதியில் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனம் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி அங்கே ஆயக்கட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டை உண்டு, அரசியல் உண்டு, இருந்தும் தண்ணீர் விடும் தேதியை அதிகாரியோடு உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் ஆள் இருக்கிறார். எங்கள் பக்கம் பேசித் தீர்க்க நல்ல தண்ணீர் இல்லாததால் பேசவும் ஆளில்லை.

நொய்யலுக்கு என்று ஒரு படுகைக் குழு சட்டப்படி அமைய வேண்டும். நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கோவை, திருப்பூர் மாநகராட்சிகள், இடைப்பட்ட பேரூராட்சி, ஊராட்சிகள், சாயத் தொழில்காரர்கள், தன்னார்வ அமைப்புகள், கூடவே ஆயக்கட்டு விவசாயிகள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாலு மாவட்டத்தில் ஓடும் ஆற்றுக்கு நாலு ஆட்சியர்கள் தனித்தனியாகக் கூட்டம் போட்டுப் பயனில்லை. குழுவின் தலைமை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கடைமடைப் பகுதிக்கு வர வேண்டும். மாதிரி எடுக்கும் படிவத்தில் அதிகாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ளூர் விவசாயி ஒருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும், அது இல்லாத படிவம் செல்லக் கூடாது. பேரூர், சூலூர், மங்கலம், திருப்பூர், ஒரத்துப்பாளையம், சின்னமுத்தூர் என்று பாலத்துக்குப் பாலம், அணைக்கு அணை, அன்றைய உப்பளவையும் கழிவளவையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் அன்றன்றைய விலையை எழுத முடிகிறபோது ஆற்றங்கரையில் இதை எழுத முடியாதா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்வார்கள். மேலே ஒரு பலகையில் எண் ஏறினால் கீழே நாங்கள் மதகை அடைக்க அவகாசம் கிடைக்கும்.

குடிமராமத்துத் திட்டத்தை 2017-ல் மறுபடி தொடங்கியபோது, பாசனக்காரர்களும் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த விதியை நான் வரவேற்றேன். காசோ உழைப்போ போட்டவனுக்கு மதகின் மேல் அக்கறை வரும். அதே விதியை ஆற்றுக்கும் நீட்டலாம். திருப்பூரில் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பனியனிலும் மிகச் சிறு பங்கும், இரண்டு மாநகராட்சிகளின் குடிநீர் வரியில் ஒரு சிறு பங்கும் இந்தக் குழுவுக்குப் போகட்டும். நாங்கள் எங்கள் பங்குக்குக் கரை காவலும் கணக்கும் பார்க்கிறோம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1,045 குளங்களை நிரப்ப 1,900 கோடிக்கு மேல் செலவழித்த அரசு இது. ஒரு குழுவை நடத்தும் பணம் அதற்கு முன் எம்மாத்திரம்?

இது தொழில்நுட்ப விஷயம், விவசாயிகளுக்குப் புரியாது என்று சொல்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துச் சொன்ன அத்தையின் கணக்கும் மீட்டர் காட்டிய கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போனதைப் பார்த்தவள் நான். விவசாயிகளை உள்ளே விட்டால் தொழிலை முடக்கிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். என் மகன் இன்றும் திருப்பூரில்தான் சம்பளம் வாங்குகிறான். ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கத்தில்தான் கொடுமணல் இருக்கிறது. இதே நொய்யல் கரையில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு உருக்கி, மணி கோத்துத் தொலைதூரம் விற்றிருக்கிறார்கள். இந்தக் கரைக்குத் தொழில் புதிதல்ல, தொழில்மேல் எங்களுக்குப் பகையும் இல்லை.

குழு அமைய நாளாகும், சட்டம் வர இன்னும் நாளாகும். அதுவரை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்தில் முதல் வெள்ளம் வரும்போது, தேங்கிக் கிடந்த கழிவையெல்லாம் அது அரித்துக்கொண்டு வரும். அது கழிந்த பின்தான் நல்ல தண்ணீர். சின்னமுத்தூர் தடுப்பணையில் எந்த நாளில், எந்த அளவில் உப்பு இருக்கும்போது மதகைத் திறந்து ஆத்துப்பாளையத்துக்குத் தண்ணீர் விடுவது என்ற முடிவு எங்களுக்கு உயிர். ஒரு நாள் முந்தினால் வாய்க்காலெல்லாம் உப்பு. இரண்டு நாள் பிந்தினால் நல்ல தண்ணீர் காவிரிக்குப் போய்விடும். எங்களுக்கு அது தெரியவருவது மதகு திறந்த பிறகு, பத்திரிகையில். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அந்த முடிவை எடுக்கும் இடத்தில் ஆயக்கட்டு விவசாயிகள் இரண்டு பேரை உட்கார வைக்க அரசாணை தேவையில்லை, ஆட்சியரின் ஒரு கடிதம் போதும். இரண்டில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பவள் அவள்தான்.